கேட்காமல் துடிப்பது

இரிரி ஆற்றுக்குப் பின்னால்
மழைக்காலத்தில் ஏரி, கோடையில் குட்டை.
அதில் ஆளை விட நீளமாய் ஒரு பொராக்கே.
உறங்கவைப்பவன் என்று பழைய மொழியில் பொருளாம்.
தெவுசரீனா மட்டும் மேலதிகாரி என்பாள்,
பத்து நிமிடத்துக்கொருமுறை மேலே வந்து
வாய் நிறையக் காற்றை விழுங்கிவிட்டு
ஒரு கையெழுத்தும் போடாமல் இறங்கிவிடுவதால்.

பதினோரு வீடு. ஒரு டீசல் ஜெனரேட்டர்.
சாவியும் கணக்கு நோட்டும் அவளிடம்.
ஆறரை முதல் ஒன்பதரை வரை வெளிச்சம்.
காட்டைப் பிளந்துகொண்டு
உயரக் கம்பிகள் எங்கோ தெற்கே போகின்றன,
அணையின் மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு.
எங்கள் கூரைக்கு இறங்குவது
அதன் முணுமுணுப்பு மட்டும்.

போன வருஷம் பெலேமிலிருந்து வந்த மாணவி
இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு
உள்ளங்கை அகல ஒலிபெருக்கியில்
குட்டையைப் பேசவைத்தாள்.

டக்.
டக்.
கரண்ட் போன வீட்டில்
தீப்பெட்டி தேடும் விரல்.

அப்புறம் டக்டக், ஒட்டியபடி இரண்டு.
அது கேள்வி என்றாள்.
வேருக்கடியில் ஒளிந்த மீன்
வாய் திறப்பதில்லை, துடுப்பு அசைப்பதில்லை.
தசை மட்டும் எசமானைக் கேட்காமல்
ஒருமுறை வெட்டி இழுக்கும்.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை.
நீரில் எழுந்த அந்தச் சிறு நடுக்கம்தான் முகவரி.

பிறகு ஒலிபெருக்கி பொரிந்தது,
காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல்,
நொடிக்கு நானூறு.
மீன் சாகவில்லையாம். தன் உடம்புக்குள்ளேயே
கட்டிப்போடப்பட்டு விழித்திருக்குமாம்.
விழுங்குவது அதற்குப்பின் ஒரு மிடறு வேலை.
இரை முரண்டுபிடித்தால்
கவ்விய வாய்க்கு எதிரே வாலை வளைத்துக் கொண்டுவந்து
இரண்டு முனைக்கும் நடுவில் வைத்து அழுத்தும்.
உடம்பில் ஐந்தில் நாலு பங்கு மின்சாரம்;
வயிறு, ஈரல், இதயம் எல்லாம்
தலைக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம்.

தெவுசரீனா கேட்டாள்:
"இதை ஜெனரேட்டரில் மாட்ட முடியாதா?"
மாணவி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

இந்த செப்டம்பரில்
குட்டை முழங்காலுக்கு வந்தது.
வலை எங்கோ சிக்கிக்கொள்ள
நசில்டு வெட்டுக்கத்தியோடு இறங்கினான்.
மறுமுனையைப் பிடித்தபடி நான்.

ஓடிப்போக இடமில்லாதது ஓடவில்லை.
நேராக அவனை நோக்கி வந்து, எழுந்து,
தாடையைக் கத்தியில் ஒட்டவைத்து
தண்ணீருக்கு வெளியே ஏறியது, விரற்கடை விரற்கடையாக.
நீரில் கரைந்து வீணாவதை
வீணாக்க மனமில்லாத வட்டிக்காரன்போல்.
ஏற ஏற எல்லாமே அவன் கைக்கு.

என்வரை வந்தது கட்டெறும்புக் கடிதான்.

அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான், கண் திறந்தபடி.
துடுப்புக்கட்டையால் அவனை இழுத்துக் கரையில் போட்டது அவள்.
"வலித்ததா?"
"வலி என்று சொல்ல முடியாது.
கொஞ்ச நேரம் கை வேறு யாருடையதோ."

தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவிட்டாள்.
பிறகு, மூச்சு விடாமல், இரண்டு:
"செவ்வாய் ராத்திரி எங்கே இருந்தாய்?
டிரம்மில் பத்து லிட்டர் எங்கே?"

நசில்டு ஒன்றும் சொல்லவில்லை.
இடது இமை ஒருமுறை இழுத்தது.

அவள் கத்தவில்லை. மடியிலிருந்த நோட்டை எடுத்து
பென்சில் முனையை நாக்கில் தொட்டு
ஒரு பெயர், ஓர் எண்.

என் பக்கம் அவள் திரும்பவில்லை.
பத்தில் ஐந்து என் படகில்,
பாய்க்குக் கீழே.
நல்லவேளை, முழங்காலுக்குக் கீழே
என் கால் தண்ணீருக்குள் இருந்தது.

நல்லவேளையா?
குட்டையின் அந்த ஓரத்தில்
காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது அது.

டக்.
டக்.